விளையாட்டு மாணவரின் உறக்கமும் மன நெருக்கடியும்

சித்தூரிலும் திருப்பதியிலும் பொழுது புலருமுன்பே விளையாட்டு மைதானங்களில் விசில் ஒலி கேட்பது புதிதன்று. மார்கழி, தை மாதங்களில் இப்பகுதியில் கதிரவன் ஆறரை மணிக்குப் பின்னரே தலைகாட்டுகின்றான். ஆயினும் கபடி, கோ-கோ, வாலிபால் ஆடும் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஐந்தரை மணிக்கே மைதானம் வந்து சேர்கின்றனர். பக்கத்துக் கிராமத்திலிருந்து சைக்கிளில் வருபவன் நான்கரை மணிக்கு எழுந்தாக வேண்டும். அவனே பத்தாம் வகுப்பு மாணவனாகவும் இருந்துவிட்டால், மாலையில் சிறப்பு வகுப்பு, அதன்பின் டியூஷன், வீடு திரும்பிச் சாப்பிட்டு மீண்டும் பாடம் என்று இரவு பதினொரு மணி ஆகிவிடுகின்றது. இடையில் எஞ்சுவது ஐந்தரை மணி நேரம்.

இந்த ஐந்தரை மணி நேரத்தைக் குறித்து எவரும் கவலை கொள்வதாகத் தெரியவில்லை. மாணவன் எவ்வளவு தூரம் ஓடுகின்றான், எத்தனை தண்டால் எடுக்கின்றான், எத்தனை மதிப்பெண் பெறுகின்றான் என்பனவற்றிற்கெல்லாம் கணக்கு உண்டு. அவன் எவ்வளவு நேரம் உறங்குகின்றான் என்பதற்கு மட்டும் கணக்கு இல்லை. 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டுமென அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016ஆம் ஆண்டில் வரையறுத்துக் கூறியது. குறைந்த அளவான எட்டு மணியையே வைத்துக்கொண்டாலும், மேலே கூறிய மாணவனுக்கு ஒவ்வொரு நாளும் இரண்டரை மணி நேரம் குறைகின்றது. பயிற்சி நடக்கும் ஆறு நாட்களில் பதினைந்து மணி நேரம் கடனாகின்றது. ஞாயிற்றுக்கிழமை பகல் பத்து மணி வரை உறங்கினாலும் அந்தக் கடன் தீருவதில்லை. அன்றும் வீட்டார் அவனைச் சோம்பேறி என்று ஏசி எழுப்பிவிடுவதே வழக்கம்.

'இரவெல்லாம் கண் விழித்துப் படித்தான்' என்பது இந்நாட்டில் ஒரு மாணவனுக்குச் சூட்டப்படும் புகழ்மாலை. 'விடியற்காலையில் முதல் ஆளாக மைதானத்துக்கு வந்தான்' என்பது இன்னொன்று. இவ்விரு மாலைகளையும் ஒரே கழுத்தில் சூட்டுவதால் விளையும் தீங்கையே ஆசிரியரும் களப்பணியாளரும் இன்று எண்ணிப்பார்க்க வேண்டியுள்ளது.

உறக்கம் என்பது உடல் வெறுமனே ஓய்ந்து கிடக்கும் நிலை என்ற கருத்து 1953ஆம் ஆண்டோடு கைவிடப்பட்டிருக்க வேண்டும். அவ்வாண்டில் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் இருவர், உறங்குபவரின் கண்விழிகள் மூடிய இமைக்குள் விரைந்து அசையும் ஒரு கட்டம் உண்டு என்றும், அப்போது மூளை விழிப்பு நிலையைப் போலவே சுறுசுறுப்பாக இருக்கின்றது என்றும் காட்டினர். பிற்கால ஆராய்ச்சிகளால் உறக்கத்தை இரண்டு விசைகள் ஆள்கின்றன என்பது தெளிவாயிற்று. விழித்திருக்கும் ஒவ்வொரு மணியிலும் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்து உறக்கத்தை உந்துவது ஒன்று. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஒரு சிறு நரம்பணுத் திரள் கடிகாரம் போல் இயங்கி, இன்ன பொழுது உறங்கு, இன்ன பொழுது விழி என்று ஆணையிடுவது மற்றொன்று. உடலின் இக்கடிகாரம் அணுக்களுக்குள் எவ்வாறு இயங்குகின்றது என்பதைக் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மாலையில் அருந்தும் காப்பி உறக்கத்தைத் தடுப்பதும் இதனாலேதான். காப்பியில் உள்ள காஃபீன், அடினோசின் சென்று அமர வேண்டிய இடத்தைத் தான் பற்றிக்கொள்கின்றது. அதன் அளவு உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். ஏழு மணிக்கு டியூஷனுக்குப் புறப்படுமுன் அன்னை அன்போடு கொடுக்கும் ஒரு டம்ளர் காப்பியில் பாதி, நள்ளிரவிலும் மகன் உடலில் இருக்கின்றது.

இங்கே ஆசிரியர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பருவமடையும் வயதில் இவ்வுடற் கடிகாரம் சற்றே பின்தங்குகின்றது. இரவு வந்துவிட்டதை உடலுக்கு அறிவிக்கும் மெலட்டோனின் என்னும் ஹார்மோன் சிறு குழந்தைகளிடத்தில் சுரப்பதைவிடப் பதினைந்து வயதினரிடத்தில் தாமதமாகச் சுரக்கின்றது. ப்ரௌன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி கார்ஸ்காடன் என்னும் அம்மையாரும் அவருடன் பணியாற்றியோரும் 1990களில் இதை விரிவாக ஆராய்ந்தனர். ஆகவே ஒன்பது மணிக்கே படுக்கச் சொன்னாலும் இப்பருவத்தினருக்கு எளிதில் உறக்கம் வருவதில்லை. அதிகாலையில் எழுப்பினாலோ அவர்களுடைய மூளைக்கு அது இன்னும் நள்ளிரவே. இதனைப் பிள்ளையின் பிடிவாதம் என்று கொள்வது தவறு. மீசை முளைப்பதற்கும் குரல் உடைவதற்கும் எவரும் பையனைக் கண்டிப்பதில்லை அன்றோ?

அதே அம்மையார் 1998இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இப்பகுதிக்கு மிகவும் பொருந்துவது. காலை 8-25 மணிக்குத் தொடங்கும் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படித்த மாணவர்கள், பத்தாம் வகுப்பில் 7-20 மணிக்கே தொடங்கும் பள்ளிக்கு மாறியபோது அவர்களுக்கு நேர்ந்தது என்ன என்பதே அவ்வாய்வு. மாணவர் முன்னேரம் எழுந்தனர். ஆனால் முன்னேரம் உறங்கவில்லை. காலை எட்டரை மணியளவில் அவர்களைப் படுக்கச் செய்து சோதித்தபோது, பின்னிரவுக்கு உரிய விழியசையும் உறக்கத்தில் ஏறக்குறையப் பாதிப் பேர் உடனே ஆழ்ந்துவிட்டனர். உடல் வகுப்பில் இருந்தது. மூளை படுக்கையில் இருந்தது. ஆந்திரப் பிரதேசத்தில் வழக்கமாக மார்ச் மாத நடுவில் தொடங்கும் அரைநாள் பள்ளிகள் பெரும்பாலும் காலை ஏழே முக்கால் மணிக்குத் திறக்கப்படுகின்றன. வெயிலை முன்னிட்டுச் செய்யப்படும் இவ்வேற்பாடு நியாயமானதே. எனினும் ஒரே நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பள்ளி முன்னே நகரும்போது, அதற்கு முன்பு நடைபெறும் பயிற்சி நேரமும் முன்னே நகர்கின்றது என்பதை எண்ணிப்பார்ப்போர் சிலரே.

விளையாட்டு மாணவனுக்கு உறக்கம் பிறரைவிடக் கூடுதலாக வேண்டியிருப்பதற்குக் காரணங்கள் உண்டு. முன்னிரவின் ஆழ்ந்த உறக்கத்தில்தான் வளர்ச்சி ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கின்றது. பயிற்சியால் நைந்த தசைநார்களைச் சீர்செய்வதில் அதற்குப் பங்குண்டு. பகலில் கற்ற அசைவு மனத்தில் படிவதும் உறக்கத்திலேதான். விரல்களால் ஒரு வரிசையைத் தட்டப் பழகியவர்கள் ஓர் இரவு உறங்கி எழுந்தபின், மேலும் பழகாமலே, ஏறக்குறைய 20 சதவீதம் விரைவாகத் தட்டினர் என்றும், அதே அளவு நேரம் விழித்திருந்தவர்களிடம் அத்தகைய முன்னேற்றம் இல்லை என்றும் ஹார்வர்டைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் 2002இல் கண்டனர். இம்முன்னேற்றம் பெரிதும் இரவின் கடைசிப் பகுதியின் உறக்கத்தைச் சார்ந்திருந்தது. நான்கரை மணிக்கு மாணவனை எழுப்பும்போது வெட்டப்படுவது அப்பகுதியே. முதல் நாள் மாலை ஆசிரியர் வருந்திக் கற்பித்த ஓர் அசைவை, மறுநாள் விடியலில் அவரே அழித்துவிடுகின்றார் என்றால் அது மிகையாகாது.

விரைந்து செயற்படும் திறன் இன்னொன்று. சித்தூர் ஜில்லாவில் பிறந்த ரஜனி எத்திமார்ப்பு, 2018ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்ற இந்தியப் பெண்கள் ஹாக்கி அணியில் இலக்குக் காவலராக இருந்தார். இலக்குக் காவலரின் தொழில் முழுவதும் ஒரு நொடியின் சிறு பின்னங்களில் அடங்கியது. உறக்கம் குறைந்தவரிடம் முதலில் கெடுவது அந்தப் பின்னமே. நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் மட்டும் உறங்கிய வயதுவந்தோரின் கவனத்திறன், இரண்டு வாரங்களில், முழு இரவு உறங்காதவரின் நிலைக்கு இறங்கியதை 2003இல் வெளியான பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. அதனினும் அஞ்சத்தக்கது, தமது திறன் இவ்வளவு குறைந்துவிட்டதை அவர்கள் உணராதிருந்ததே. 'எனக்கு ஒன்றும் இல்லை, சார்' என்று மாணவன் சொல்வதை நம்பி முடிவு செய்யலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

காயங்களைப் பற்றிய ஆய்வும் உண்டு. அமெரிக்காவில் 7 முதல் 12ஆம் வகுப்பு வரை பயின்ற 112 விளையாட்டு மாணவரை ஆராய்ந்து 2014இல் வெளியிடப்பட்ட ஒரு கட்டுரை, எட்டு மணி நேரத்திற்குக் குறைவாக உறங்கியோர் மற்றவரைவிட 1.7 மடங்கு காயம் அடையக்கூடியவராக இருந்தனர் என்றது. எத்தனை விளையாட்டுகள் ஆடினர், வாரத்துக்கு எத்தனை மணி ஆடினர் என்பனவற்றுக்கும் காயத்துக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு காணப்படவில்லை. இதை வைத்துக்கொண்டு உறக்கக் குறைவே காயத்துக்குக் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்லிவிட முடியாது. மாணவர் எண்ணிக்கை சிறிது. உறங்கிய நேரமும் அவர்களே சொன்னது. அவர்களுடைய வாழ்க்கை வசதியும் வேறு. ஆயினும் ஒரே திசையைச் சுட்டும் கைகாட்டிகள் பல இருக்கும்போது வழிப்போக்கன் அத்திசையில் நடப்பதே அறிவுடைமை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து வீரர் பதினொருவர், சில வாரங்கள் இரவுதோறும் பத்து மணி நேரம் படுக்கையில் இருக்க முயன்றபோது, அவர்களுடைய பந்தெறியும் குறி ஏறக்குறைய 9 சதவீதம் உயர்ந்ததென 2011இல் வெளியான செய்தியும் அத்தகைய கைகாட்டிகளுள் ஒன்று. அவர்களுக்குப் புதிய பயிற்சி எதுவும் அளிக்கப்படவில்லை.

இனி, மன நெருக்கடி. ஹான்ஸ் செல்யே என்பவர் 1936இல் 'நேச்சர்' பத்திரிகைக்கு எழுதிய ஒரு சிறு கடிதத்தில், குளிர், காயம், நஞ்சு, மிகையான உழைப்பு என எத்தகைய தாக்குதல் நேரினும் எலிகளின் உடலில் ஒரே வகையான மாறுதல்கள் தோன்றுகின்றன என்று அறிவித்தார். அட்ரினல் சுரப்பிகள் பருத்தல் அவற்றுள் ஒன்று. இந்நிலைக்குப் பிற்காலத்தில் அவர் 'ஸ்ட்ரெஸ்' என்னும் சொல்லை வழங்கினார். உத்தரத்தின் மீது சுமை ஏறும்போது அதனுள் எழும் எதிர்விசையைக் குறிக்கப் பொறியியலார் ஆளும் சொல் அது. தமிழில் மன அழுத்தம், மன இறுக்கம், மன நெருக்கடி என்று பலவாறு பெயர்க்கப்படுகின்றது. உத்தரத்தின் உவமையை நினைவிற் கொண்டால் எந்தச் சொல்லாயினும் குற்றமில்லை. கணக்குப் பரீட்சையின் அச்சமும், மாநிலப் போட்டித் தேர்வின் அச்சமும், வீட்டில் பணமில்லை என்னும் அச்சமும் உடலுக்கு வேறு வேறல்ல. எல்லாவற்றுக்கும் அது கார்ட்டிசால் என்னும் ஒரே ஹார்மோனைச் சுரந்து விடையளிக்கின்றது. பொழுது சாயச் சாயக் குறைய வேண்டிய அந்த ஹார்மோன் இரவிலும் குறையாதிருந்தால் உறக்கம் கலைகின்றது. உறக்கம் கலைந்தால் மறுநாள் சிறு தோல்வியும் பெரிதாய்த் தோன்றுகின்றது. இவ்வாறு ஒன்றையொன்று வளர்க்கும் இவ்விரண்டையும் பிரித்து மருந்து தேடுவது வீண்.

மன நெருக்கடியில் உள்ளவரின் பார்வைப்புலம் சுருங்குகின்றது, தசைகள் இறுகுகின்றன, கவனம் சிதறுகின்றது, அதனால் காயம் நேர்கின்றது என்பது ஆண்டர்சன், வில்லியம்ஸ் என்னும் உளநூலார் 1988இல் முன்வைத்த விளக்கம். கபடி ஆடுவோருக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பாடிச் செல்பவன் தன் முன்னே நிற்பவனை நேராக நோக்கிக்கொண்டே, இருபுறமும் மூலையில் நிற்பவர்களைக் கடைக்கண்ணால் காத்துக்கொள்ள வேண்டும். கடைக்கண் பார்வை சுருங்கினால் மூலையில் நிற்பவன் கணுக்காலைப் பற்றுவது தெரியாது. இறுகிய முழங்கால் அந்த இழுப்புக்கு வளைந்தும் கொடுக்காது. மிசௌரி பல்கலைக்கழகத்தின் கால்பந்து ஆட்டக்காரர்களை (அமெரிக்க முறைக் கால்பந்து) ஒரு பருவம் முழுதும் கவனித்து 2016இல் வெளியான ஆய்வு, பரீட்சை நெருக்கும் வாரங்களில் காயம் நேரும் வாய்ப்பு, நெருக்கடி குறைந்த வாரங்களைக் காட்டிலும் ஏறக்குறைய 1.8 மடங்காயிற்று என்று கூறுகின்றது. மைதானத்தின் தரையும் காலணியும் மாறவில்லை. மாறியது நாட்காட்டி மட்டுமே.

அந்த நாட்காட்டியைச் சித்தூர், திருப்பதி ஜில்லாக்களில் விரித்துப் பார்த்தல் நலம். (இவ்விரண்டும் 2022 ஏப்ரல் 4ஆம் நாள்தான் தனித்தனி ஜில்லாக்களாயின; பள்ளிகளின் பழக்கவழக்கங்கள் இன்னும் ஒன்றே.) 1954இல் தோன்றிய இந்தியப் பள்ளி விளையாட்டுச் சம்மேளனத்தின் வழியில் நடைபெறும் போட்டிகள் மண்டலம், ஜில்லா, மாநிலம், தேசம் என்று படிப்படியாக ஏறிச் செல்பவை. மேற்படிகள் பெரும்பாலும் ஆண்டின் கடைசி மாதங்களில் வருகின்றன. பத்தாம் வகுப்புச் சிறப்பு வகுப்புகள் உச்சம் பெறுவதும் அக்காலமே. விசாகப்பட்டினத்தில் போட்டி என்றால் ஓர் இரவு முழுவதும் இரயிலில்; இறங்கியதும் ஆட்டம். சித்தூரிலிருந்து திருப்பதி எழுபது கிலோமீட்டர்தான் எனினும், காலைப் போட்டிக்கு முதல் பஸ் பிடிக்க மூன்று மணிக்கே எழுந்து வரும் மாணவரும் உண்டு.

வீட்டின் நிலைமையும் நகரத்து நூல்கள் கருதுவது போன்றதன்று. நகரி, புத்தூர்ப் பக்கத்தில் விசைத்தறி ஓடும் தெருவில் இரவின் ஓசை நிற்பதில்லை. பலமனேரி, குப்பம் பகுதிகளில் பட்டுப்புழு வளர்க்கும் வீடுகளில், புழு கடைசித் தோலுரித்தபின் கூடு கட்டும் வரை இரவு பகலாக இலை கேட்கும். வீட்டில் உள்ள அனைவரும் முறை வைத்து எழுவர். கறவை வைத்திருக்கும் வீடுகளில் பால் ஊற்றும் நேரம் விடியலுக்கு முன்பே. இவற்றை ஆசிரியர் வகுப்பிலிருந்தபடி அறிய இயலாது. அறிந்தவர்கள் களப்பணியாளரே. பட்டு வளர்ச்சித் துறையினரும் கால்நடைத் துறையினரும் வீட்டு வாசலில் நின்று பேசும்போது, 'இந்த ஐந்து நாள் பையனை இரவு முறையிலிருந்து விடுவியுங்கள், ஜில்லாப் போட்டி வருகின்றது' என்று ஒரு சொல் சொல்வார்களாயின், அது தலைமையாசிரியரின் பத்துச் சுற்றறிக்கைகளினும் மேலானது.

வெயிலைக் காட்டி எதிர்வாதம் செய்வோர் உண்டு. அவர்கள் கூறுவதில் உண்மை இருக்கின்றது. கோடையில் திருப்பதியின் வெப்பம் நாற்பது டிகிரியைத் தாண்டுவது வழக்கம். அக்காலத்தில் விடியற்காலைப் பயிற்சியை ஒன்பது மணிக்குத் தள்ளுங்கள் என்று சொல்வது உறக்கத்தைக் காக்கப்போய் வெப்பத்தாக்குக்கு வழிவிடுவதாகும். கலிபோர்னியாவில் 2022 ஜூலை முதல் உயர்நிலைப் பள்ளிகள் எட்டரை மணிக்கு முன் தொடங்கலாகாது என்று சட்டம் நடைமுறைக்கு வந்ததைப் பார்த்து இங்கும் அவ்வாறே செய்வோம் என்பது, அவ்வூர்க் கம்பளிச் சட்டையை இங்கு அணிவது போன்றதே. ஆனால் வெயில் காரணம் கோடைக்கு மட்டுமே பொருந்தும். மார்கழியில் ஐந்தரை மணிக்கு விசில் ஊதுவதற்கு வெயில் காரணமாகாது, பழக்கமே காரணம். அம்மாதங்களில் பயிற்சியை மாலைக்கு மாற்றவோ, காலையில் ஆறரை மணிக்குத் தொடங்கவோ தடையாக இருப்பது சிறப்பு வகுப்பு ஒன்றே. தலைமையாசிரியர், பாட ஆசிரியர், உடற்பயிற்சி ஆசிரியர் மூவரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தால் அத்தடை நீங்கிவிடும். இன்று அம்மூவரும் ஒரே மாணவனின் இருபத்துநான்கு மணி நேரத்தையும், ஒருவரையொருவர் கேளாமலே, பங்கு போட்டுக்கொள்கின்றனர்.

கோடையில் விட்டுக்கொடுக்க வேண்டியது இரவுப் படிப்பு. பதினொரு மணிக்குப் படிக்கும் ஒரு மணி நேரம், உறங்கி எழுந்தவன் படிக்கும் அரை மணி நேரத்துக்கும் ஈடாகாது என்பதைப் பெற்றோருக்கு எடுத்துரைப்பது கடினமே. 'மதிப்பெண் போனால் நீங்கள் தருவீர்களா?' என்று அவர்கள் கேட்பர். கேள்வி நியாயமானது. கற்றது மனத்தில் தங்குவதும் உறக்கத்தில்தான் என்பதே அதற்கு விடை. ஆடுகளத்துக்கு ஒன்று, பாடப்புத்தகத்துக்கு ஒன்று என்று மாணவனுக்கு இரண்டு மூளைகள் இல்லை. பகலுணவுக்குப்பின் இருபது முப்பது நிமிடம் கண்ணயர விடுவதும் பயன் தரும். அரைநாள் பள்ளி நாட்களில் இதற்கு நேரமும் இருக்கின்றது. ஆனால் பகல் உறக்கம் மாலை வரை நீண்டால் இரவு உறக்கத்தையே கெடுக்கும். இரவில் கைப்பேசியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர். இங்கே விரிக்க வேண்டியதில்லை.

உடற்பயிற்சி ஆசிரியர் தம் வருகைப் பதிவேட்டில் இரண்டு புதிய கட்டங்கள் இட்டுக்கொள்ளலாம். நேற்று எத்தனை மணிக்குப் படுத்தாய், இன்று எத்தனை மணிக்கு எழுந்தாய் என்று கேட்டு எழுத ஒரு மாணவனுக்கு அரை நிமிடம் போதும். காயம் நேர்ந்த நாளைச் சிவப்பு மையால் குறித்துவரின், ஒரு பருவத்தின் முடிவில் சிவப்புக் குறிகள் எந்தக் கட்டங்களின் அருகே கூடியுள்ளன என்பதைக் கண்ணாலேயே காணலாம். அவ்விரண்டு கட்டங்களின் விடை ஆறு மணிக்கும் குறைந்த உறக்கத்தைக் காட்டினால், அன்று அம்மாணவனைப் பாயவும் பிடிக்கவும் விடாமல் பந்து பொறுக்கவோ, புள்ளிக் கணக்கு எழுதவோ வைக்கலாம். தண்டனை என்று அவன் எண்ணாதபடி அதைச் சொல்லும் வழி ஆசிரியருக்குத் தெரியும்.

மாணவிகளின் செய்தி தனியே கூறத்தக்கது. பயிற்சி முடிந்து வீடு திரும்பியபின் அவளுக்கு அடுப்படியும் காத்திருக்கின்றது. முழங்காலின் முன் குறுக்கு இணைப்புநார் அறுபடும் காயம், ஒரே ஆட்டத்தை ஆடும் மாணவரினும் மாணவியருக்கே மிகுதியாக நேர்கின்றது என்பது மருத்துவ உலகம் நன்கறிந்தது. அக்காயத்துக்கு அறுவைச் சிகிச்சையும் பல மாத ஓய்வும் வேண்டும். வசதியற்ற குடும்பத்தில் அதன் பொருள், அவள் இனி ஆடமாட்டாள் என்பதே. சில வீடுகளில், இனிப் பள்ளிக்கும் போகமாட்டாள் என்பதுங்கூட. விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கக்கூடிய ஒரு கல்லூரி இடமும், அதன்பின் ஒரு வேலையும், ஒரு விடியற்காலையில் உறக்கக் கலக்கத்தில் தவறாக ஊன்றிய ஒரு காலோடு போய்விடுகின்றன. வரும் மார்கழியில் பயிற்சி நேர அட்டவணை எழுதப்படும்போது, முதலில் பேசவேண்டியது அவளுடைய எழும் நேரம்.